'அவ' என்று எழுதி அடித்த இடம்

கேள்வி: வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 56. தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தேன். தோட்டம் கைமாறிய பிறகு தாமானுக்கு (டவுன் பக்கத்துக் குடியிருப்புக்கு) வந்துவிட்டோம். இப்போது வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டினார், அப்புறம் லோரி ஓட்டினார், இப்போது கோயில் கமிட்டியில் இருக்கிறார். மூன்று பிள்ளைகள். நடுவில் உள்ளவன் ஐந்து வருடத்துக்கு முன் வேலைக்குக் கேஎல் (கோலாலம்பூர்) போனான். பிரிக்பீல்ட்ஸில் சலூனில் வேலை. முதலில் முடி வளர்த்தான், பிறகு பேச்சு மாறியது. போன தீபாவளிக்குச் சுடிதார் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டார். விட்டுப்போன பையில் மாத்திரைகள் இருந்தன. மார்ச் மாதம் மகளிர் தின ஊர்வலத்தில் பதாகை பிடித்து நிற்கும் படத்தை யாரோ கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரு காலத்தில் மாதச் சம்பளம் கேட்டு யூனியனோடு ரோட்டில் நின்றவர் என் வீட்டுக்காரர். இந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து 'எனக்குப் பிள்ளை இரண்டுதான்' என்கிறார். வயிற்றில் இருக்கும்போது நான் மருந்தடித்ததால் வந்ததா? கேஎல் கூட்டாளிகள் கெடுத்தார்களா? மாத்திரையை நிறுத்தினால் சரியாகுமா? ஒரு சாமியாருக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் பரிகாரமும் செய்தாகிவிட்டது. போலீஸ் பிடித்துப் போடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஆவணியில் பெரிய மகளுக்குக் கல்யாணம். வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் வரட்டும் என்கிறார் வீட்டுக்காரர். வீட்டுப் பெண்களுக்கு ஒரே நிறத்தில் ஐந்து சேலை எடுக்கப் போன இடத்தில் வாய்தவறி ஆறு என்று சொல்லிவிட்டேன். நான் என்ன செய்யட்டும்?
ஒரு தாய்

பதில்:

அன்புள்ள அக்கா,

என்னைவிட இரண்டு வயது மூத்தவர் நீங்கள், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். உங்கள் கடிதம் ஏழு பக்கம். அச்சுக்காகச் சுருக்கியிருக்கிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது, பயப்படாதீர்கள்.

அச்சில் வராத ஓர் இடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மூன்றாம் பக்கத்தில் தீபாவளியன்று நடந்ததை எழுதும்போது, 'அவ அழுதுகிட்டே போனா' என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு 'அவ'வை அடித்துவிட்டு, மேலே 'அவன்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'போனா'வை அடிக்க மறந்துவிட்டீர்கள். வாசலில் நின்றது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது அக்கா. அதனால் இந்தப் பதில் முழுக்க நான் 'மகள்' என்றுதான் எழுதப் போகிறேன். உங்களுக்கு வாய் வர நாளாகும். பரவாயில்லை.

மருந்தடித்த விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் கடிதத்தில் நான்கு இடத்தில் அது வருகிறது. முதுகில் டாங்கி, முகத்தில் ஒரு துண்டு, காலில் கிழிந்த பூட்ஸ், ஏழாம் மாதம் வரைக்கும் தீம்பாரில் (தோட்டத்து வேலைக்காட்டில்) நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவும் அதே டாங்கியைத் தூக்கியவர்தான். அவருக்கு நகம் கறுத்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மருந்து உங்கள் தோலுக்கும் மூச்சுக்கும் செய்ததற்குத் தோட்டத்து நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும், அது வேறு கணக்கு. ஆனால் உங்கள் மகள் திருநங்கையாக இருப்பதற்கும் அந்த டாங்கிக்கும் முடிச்சுப் போட மருத்துவத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. சின்ன வயதில் அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிப் படம் பிடித்தீர்களே, அதனாலும் இல்லை. நம் லயத்தில் பாதி ஆண்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு படம் இருக்கிறது.

ஏன் ஒருவர் இப்படிப் பிறக்கிறார் என்பதற்கு ஒற்றைக் காரணத்தை மருத்துவர்கள் யாரும் காட்டவில்லை. ஆனால் இது மனநோய் இல்லை என்பதில் குழப்பம் கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட புதிய நோய்ப் பட்டியலில், மனநோய்கள் பகுதியிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். நோயாக இருந்தால் நானே மருந்துக்கு அனுப்பியிருப்பேன். 1,800 வெள்ளி போனது போகட்டும். அந்தச் சாமியார் இரண்டாம் பூசை என்று ஆரம்பித்தால், கல்யாணச் செலவு இருக்கிறது சாமி என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து கேஎல். கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள் என்று பெற்றோர் சொல்வதை இருபது வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஓர் அண்ணன் இருந்தார். 1970-களின் கடைசி. மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் ஜோடிப்பது, மணப்பெண்ணுக்குத் தலை பின்னுவது, எல்லாம் அவர்தான். அவர் கட்டுகிற பூச்சரத்தில் ஒரு காம்பு வெளியே தெரியாது. கல்யாண வீட்டில் அவரைக் கூப்பிடுவார்கள், பந்தியில் மட்டும் கடைசி இலை. பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நிற்கும்போது பையன்கள் கூப்பிடும் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் கேஎல்-ஐப் பார்த்ததே இல்லை. கூட்டாளி என்று ஒருவர்கூட இல்லை. ஒரு நாள் விடியற்காலை பஸ்ஸில் ஏறிப் போனார், அவ்வளவுதான். தேடிப் போன ஆளும் கிடையாது. அடுத்த வருடத் திருவிழாவில் கரகம் கோணலாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

உங்கள் மகளுக்குப் போய்ச் சேர ஓர் இடமாவது இருந்தது. கேஎல் என்ன செய்தது என்றால், தனக்கு ஒரு பெயர் உண்டு, தன்னைப் போல் ஆயிரம் பேர் உண்டு என்று காட்டியது. 'திருநங்கை' என்ற சொல் நமக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. இங்கே மலாயில் 'மக் நியா' என்கிறார்கள், அவர்களே 1980-களில் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. 'போண்டான்' என்ற வசவு வேண்டாம் என்றுதான் வைத்துக்கொண்டார்கள். கேஎல்-இல் சௌக்கிட் பக்கம் பிடி அறவாரியம் 1987-இலிருந்து வேலை செய்கிறது: எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை, ஒதுங்க இடம். 2014-இல் தொடங்கிய சீட் அறவாரியத்தைத் திருநங்கையரே நடத்துகிறார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நிஷா அயூப். 2000-இல் உடுப்புக்காகச் சிறைக்குப் போனவர், அதுவும் ஆண்கள் சிறைக்கு. 2016-இல் அமெரிக்க அரசு உலகப் பெண்களில் துணிச்சலானவர்களுக்குக் கொடுக்கும் விருதை வாஷிங்டனில் வாங்கினார். அந்த விருதை வாங்கிய முதல் திருநங்கை அவர்தான். மகள் யாரோடு சேர்ந்திருக்கிறாள் என்று கேட்டீர்களே, அநேகமாக இப்படிப்பட்டவர்களோடுதான்.

இதற்காக நான் கேஎல்-ஐச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. வாடகை அறை கேட்டால் முகத்தைப் பார்த்துவிட்டு ஆள் வந்துவிட்டது என்பார்கள். வேலை கிடைக்காமல் ராத்திரி ரோட்டுக்குப் போன பிள்ளைகள் உண்டு. அடி, உதை, அதற்கு மேலும் உண்டு. 2017-இல் குவாந்தானில் ஒரு தமிழ்த் திருநங்கையைக் கொன்றது உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். சலூனில் நிலையான வேலை இருக்கிறது, மாதம் 300 வெள்ளி உங்கள் கணக்கில் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கதவைச் சாத்திய வீட்டுக்கு இன்னும் பணம் அனுப்புகிற பிள்ளை! வீட்டுக்காரருக்கு அந்த 300 வெள்ளி விஷயம் தெரியுமா? தெரியாதென்றால் சொல்லுங்கள்.

போலீஸ் பயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டில் சொல்வதில் கொஞ்சம் உண்மை, நிறையக் கலப்படம். ஆண் பெண் உடை உடுத்தினால் குற்றம் என்பது மாநில ஷரியா சட்டங்களில் உள்ளது. அது முஸ்லிம்களுக்கு மட்டும். நெகிரி செம்பிலானில் மூன்று திருநங்கையர் அதை எதிர்த்து வழக்காடி, 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2015 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், வழக்குப் போட்ட முறை சரியில்லை என்று அதைத் தள்ளிவிட்டது. அந்தச் செய்திதான் காதுவழியாக உங்கள் தாமான் வரை வந்திருக்கிறது. உங்கள் மகள் இந்து, அந்தச் சட்டம் அவளைத் தொடாது. ஆனால் முஸ்லிம் அல்லாதவர்களைப் பிடிக்க 1955-ஆம் வருடத்துச் சிறு குற்றங்கள் சட்டம் இருக்கிறது, 'ஒழுக்கக்கேடான நடத்தை' என்று. ரோட்டில் நின்றதற்கே அதில் பிடித்துப் போன கதைகள் உண்டு. அதனால் மகள் மூன்று விஷயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏன் பிடிக்கிறார்கள் என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. வீட்டுக்கும் வக்கீலுக்கும் போன் பண்ண உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். கைதானவர்களுக்கு இலவசமாக வக்கீல் கொடுக்க தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. இதெல்லாம் அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு போன் வந்தால் எடுக்கிற ஆள் வீட்டில் யார் என்பது அவளுக்கு இப்போது தெரியாது.

அவளுக்கு அன்றாடத் தொல்லை போலீஸைவிட அடையாளக் கார்டுதான். உங்கள் ஐசியையும் வீட்டுக்காரர் ஐசியையும் பக்கத்தில் வைத்துக் கடைசி எண்ணைப் பாருங்கள். உங்களுடையது இரட்டைப்படை, அவருடையது ஒற்றைப்படை. நம் நாட்டில் பெண்ணுக்கும் ஆணுக்கும் எண் அப்படித்தான் கொடுக்கிறார்கள். உங்கள் மகளுடையது ஒற்றைப்படை. பேங்க் கவுண்டரில், ஆஸ்பத்திரி வார்டில், வேலை இன்டர்வியூவில், அந்த ஓர் எண்ணைப் பார்த்ததும் எதிரே இருப்பவர் தலையைத் தூக்கி இன்னொரு தடவை முகத்தைப் பார்ப்பார். வாரத்துக்கு எத்தனை தடவை என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். மாற்ற முடியுமா என்றால், கோர்ட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 2005-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னது. நம் ஈப்போ உயர்நீதிமன்றம் இன்னொருவருக்கு முடியாது என்றது. 2016-இல் ஒரு திருநம்பிக்கு (பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர்) சாதகமாக வந்த தீர்ப்பு அடுத்த வருடமே மேல்முறையீட்டில் போய்விட்டது. அவள் மார்ச் மாதம் பதாகை பிடித்தது ஏன் என்று இப்போது கொஞ்சம் புரிந்திருக்கும்.

மாத்திரையைப் பற்றி. நீங்கள் பெயர் எழுதியிருப்பது கர்ப்பத்தடை மாத்திரை, அதில் பெண்மைச் சுரப்பு (ஹார்மோன்) இருக்கிறது. மாத்திரை தின்று இப்படி ஆகவில்லை, இப்படி இருப்பதால்தான் மாத்திரை தேடுகிறாள். அதனால் நிறுத்தினால் 'சரியாகாது'. ஆனால் எனக்கு வேறு கவலை உண்டு. பல பிள்ளைகள் ஃபார்மசியில் தாங்களே வாங்கி, சீக்கிரம் மாற வேண்டும் என்று ஒன்றுக்கு மூன்றாகப் போடுகிறார்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சிகரெட் இருந்தால் இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை செய்து, எந்த மருந்து எவ்வளவு என்று பார்த்துக் கொடுக்கிற டாக்டரிடம் போவதுதான் முறை. எந்த டாக்டர் மரியாதையாக நடத்துவார் என்று மேலே சொன்ன அமைப்புகளில் கேட்டால் தெரியும். பையில் இருந்த மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவள் பொருள்.

வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது? அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிடுகிறோமே, அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்களே என்று புராணத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசிப் பார்த்தவள்தான். கும்பிட்டு முடித்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துகிறவர்களைத்தான் பார்த்தேன். கமிட்டியில் இருக்கிற மனிதர் உங்களைவிட நன்றாகப் புராணம் பேசுவார், நீங்கள் தோற்றுப்போவீர்கள்.

அந்தப் படத்தை எடுங்கள். கோயில் குழுவில் வந்ததே, அதையே. அவர் யூனியனோடு நின்ற காலத்துப் படம் ஒன்று பீரோவில் இருக்கும் என்று நினைக்கிறேன், நம் வீடுகளில் அது இல்லாமல் இருக்காது. மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலி கிடையாது, அதனால் மாதச் சம்பளம் கொடு என்று நின்ற ஆட்கள் அவர்கள். அப்போது டவுனில் என்ன பேசினார்கள்? தோட்டத்துக்காரனுக்குத் திமிர் என்றுதானே. இரண்டு படத்தையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, 'நீங்க நின்ன மாதிரியே நிக்குது பாருங்க, தோளை ஒரு பக்கம் சாய்ச்சுக்கிட்டு' என்று மட்டும் சொல்லுங்கள். மேலே ஒன்றும் பேச வேண்டாம், சமையல்கட்டுக்குப் போய்விடுங்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்காது. சாப்பிடாமல்கூடப் படுப்பார். ஒரு வாரம் கழித்து, அவள் வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிடட்டும் என்று கேளுங்கள். ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்காதீர்கள், அது பெரிய சொல். ஒரு வேளைச் சாப்பாடு சின்னது, அதற்கு அவரால் சரி என்று சொல்ல முடியும்.

கல்யாணத்துக்கு வேட்டி கட்டி வரச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். இரண்டு மணி நேரம்தானே, பெரியவர்களுக்காக, என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஐந்து வருடம் பாடுபட்டு ஆளான பிள்ளையை, சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருக்கும் இடத்தில், இவ்வளவும் வேஷம் என்று ஒப்புக்கொள்ள வைப்பதற்குச் சமம் அது. அவளாக அப்படி வருகிறேன் என்றால் அது அவள் முடிவு. நீங்கள் கேட்காதீர்கள். இன்னொரு ஆளை நீங்கள் கேட்கவே இல்லை: மணப்பெண். அவள் மனதில் என்ன இருக்கிறது? ஏழு பக்கத்தில் பெரிய மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. தங்கை பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவள் சொன்னால், மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே அவளே பேசட்டும். மறைத்து வைத்து மண்டபத்தில் தெரியவந்தால்தான் கல்யாண வீட்டில் சண்டை வரும். மாப்பிள்ளை வீடு ஒத்துவரவில்லை என்றால், முதல் நாள் வீட்டில் நலங்கு, மருதாணி, அதில் அவள் இருக்கட்டும். அதுவும் நடக்கவில்லையா, கல்யாணம் முடிந்த வாரம் பெண்ணும் மாப்பிள்ளையும் கேஎல் போய் அவள் அறையில் சாப்பிட்டுவிட்டு வரட்டும். எது நடந்தாலும், அவளாக 'நான் வரலம்மா' என்று சொன்னால் மட்டும், அப்பாடா என்று மூச்சு விட்டுவிடாதீர்கள். போனில் அது கேட்கும்.

ஒரு விஷயத்தைப் பயமுறுத்தாமல் சொல்ல முடியவில்லை. தீபாவளி முடிந்த வாரம்தான் எனக்கு இப்படிப்பட்ட பிள்ளைகளின் போன் அதிகம் வரும். வீட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள். உயிரோடு இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். உங்கள் மகள் அப்படிப் பேசினால் உபதேசம் செய்யாமல் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். நேரம் காலம் பார்க்காமல் கூப்பிட 15999 என்ற எண்ணில் அரசின் தாலியான் காசிஹ் உதவி போன் இருக்கிறது, மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கிற பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு இருக்கிறது. நீங்களும் கூப்பிடலாம். உங்களுக்கும் தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தாமான் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், போய் அதையும் சொல்லுங்கள்.

சரி, தீபாவளியிலிருந்து அவளுக்கு நீங்கள் போன் பண்ணவில்லை. எண் இருக்கிறது, என்ன பேசுவது என்று தெரியவில்லை என்கிறீர்கள். மன்னிப்பு, அப்பா, சாமியார் எதையும் முதல் போனில் எடுக்க வேண்டாம். சலூனுக்குத் திங்கட்கிழமை லீவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலை பத்து மணிக்குக் கூப்பிடுங்கள். பசியாறிவிட்டாயா என்று கேளுங்கள். அப்புறம், பீரோவில் மடித்து வைத்திருக்கிறீர்களே அந்த ஆறாவது சேலை, அதற்கு ரவிக்கை தைக்க அளவு வேண்டும் என்று சொல்லுங்கள். கை எவ்வளவு நீளம், கழுத்து பின்னால் எவ்வளவு இறக்கம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.